மூலகாரணம் எல்லப்பன்

துலுக்காணத்தம்மன் தெருவில் ஆடிக் கரகம் கோயிலை விட்டுப் புறப்பட்டால் முதலில் இறங்குவது தணிகாசலம் வீட்டு வாசலில்தான். அவருடைய தந்தை எல்லப்பன் காலத்திலிருந்து அப்படி. வேப்பிலை சுமந்து பூசாரியின் தலையில் வரும் கரகம், அந்த வாசலில் போட்ட மணையில் அமரும். தணிகாசலம் மஞ்சள் நீரால் பூசாரியின் காலைக் கழுவுவார். அந்த வீட்டுக் கூழ் ஒரு சொம்பு கோயில் அண்டாவில் விழுந்த பிறகுதான் மற்ற வீட்டுக் கூழுக்கு இடம். மூன்றாம் நாள் கரகத்துப் பானை, வேப்பிலை, மஞ்சள் துணி எல்லாவற்றையும் அதே வாசலில் எல்லப்பன் வெட்டிய கிணற்றில் விட்டுக் கும்பிடுவார்கள். தொடக்கமும் முடிவும் அந்த வாசல்தான்.

கிணறு இப்போது கிணறாக இல்லை. பாதாளச் சாக்கடை வந்தபோது அதைத் தூர்த்து, அதே இடத்தில் ஒரு தொட்டி கட்டி இரும்பு மூடி போட்டுவிட்டார்கள். அதற்காக வழக்கத்தை மாற்ற முடியுமா? தணிகாசலம் வருடந்தோறும் கடப்பாரையால் மூடியை நெம்பி, கரகத்தை உள்ளே விட்டு, மூடியைப் பழையபடி வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு வருவார். தெருவுக்கு அது சாக்கடை மூடி. அவர் வீட்டில் அதன் பெயர் கிணறு.

தணிகாசலம் அரசுப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முதுகை வளைத்து அவர் செய்த ஒரே காரியம் கரகத்துக்கு மணை போடுவது. பணியில் இருந்தவரை டிக்கெட் இல்லாத பயணியிடம் ஏன் எடுக்கவில்லை என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் ஒவ்வொருவனும் ஒரு கதை வைத்திருப்பான். கதையைக் கேட்டுக்கொண்டிருந்தால் வண்டி வாலாஜாபாத் போய்ச் சேராது. அபராதம் கட்டு, இல்லையென்றால் இறங்கு. காரணம் என்ற சொல்லோடு அவருக்கு அதற்கு மேல் பழக்கம் இல்லை.

ஆனிக் கடைசியில் மூடியைச் சுற்றிக் கறுப்புத் தண்ணீர் கசிந்தது. கசிந்தது தேங்கியது. தேங்கியது வாசற்படியைத் தொட்டது. கரகம் சாக்கடைத் தண்ணீரைத் தாண்டாது. வாசல் காயாவிட்டால் பின் தெரு வழியாகச் சுற்றிப் போகும். பின் தெருவில் முதல் வீடு வீரபத்திரனுடையது. வீரபத்திரன் ஒவ்வொரு ஆடிக்கும் மணையைக் கழுவி வைத்துவிட்டுக் காத்திருக்கும் மனிதர்.

முன்பெல்லாம் ஊரில் எங்கே இப்படி நேர்ந்தாலும் ஒரு போன் போதும், லாரி வரும், அடைப்பு போகும். இந்த வருடம் ஊரின் சாக்கடைகள் எல்லாம் மூலகாரண வாரியத்தின் பொறுப்புக்குப் போயிருந்தன. தணிகாசலம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாரியத்துக்குப் போனார். வாசலில் ‘விளைவைத் துரத்தாதே, காரணத்தைப் பிடி’ என்று பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே நதியா என்ற இளம்பெண் கணினி முன் உட்கார்ந்திருந்தாள். பதவி, இளநிலைக் காரண ஆய்வாளர்.

"உக்காருங்க சார். இன்னா விளைவு?"

"விளைவு இல்லம்மா. சாக்கடை அடைச்சிக்கினு தண்ணி நிக்குது."

"அதான் சார் விளைவு. நாங்க அஞ்சு தடவ ‘ஏன்’ கேப்போம். அஞ்சாவது பதில்தான் மூலகாரணம். ஏன் சார் தண்ணி நிக்குது?"

"அடைச்சிக்கினு இருக்குதும்மா."

"ஏன் அடைச்சிச்சு?"

"மூடியத் தொறந்து பாத்தாத் தெரியும்."

"தொறக்கறது ஃபைனல் ஸ்டேஜ் சார். முன்னாடியே தொட்டா காரணம் கலைஞ்சிடும். ‘தெரியாது’ன்னு போட்டுக்கறேன். உங்க வாசல்ல மட்டும் ஏன்?"

"மூடி எங்க வாசல்லதான இருக்குது."

"ஏன் அங்க இருக்குது?"

"முன்ன அங்க கிணறு இருந்திச்சி. தூத்துட்டு மூடி போட்டாங்க."

"கிணறு ஏன் அங்க?"

தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கப்பா வெட்னாரும்மா. எல்லப்பன்னு சொன்னா ஊருக்கே தெரியும். தெருவே அந்தத் தண்ணியத்தான் குடிச்சிது."

நதியாவின் விரல்கள் பறந்தன. "எல்லப்பன். அஞ்சாச்சு! சூப்பர் சார். நெறைய பேருக்கு அஞ்சாவது வரவே வராது. கடைசியா ஒண்ணு, உங்க வீட்லேர்ந்து எதனா சாக்கடைல போட்டதுண்டா?"

"எங்க குடும்பத்துல ஒரு துரும்பு சாக்கடைல போட்டதில்லம்மா."

அவர் சொன்னது சத்தியம். அவருடைய வாசலில் சாக்கடை என்று ஒன்று இருந்ததே இல்லை.

அன்று மாலையே அடைப்பெடுக்கும் லாரி வந்து தெருமுனையில் நின்றது. அரசு அலுவலகம் இத்தனை வேகமாக இயங்கி அவர் பார்த்ததில்லை. ஓட்டுநர் தேவசகாயம் எஞ்சினை அணைத்தார், இறங்கினார், வேப்ப மரத்தடியில் துண்டை விரித்துச் செய்தித்தாளைப் பிரித்தார்.

"இன்னாப்பா, ஆரம்பிக்கலியா?" என்றார் தணிகாசலம்.

"காரணம் வரட்டும் சார். அது வந்தாத்தான் ஹோஸ் பைப்ப எறக்கலாம்."

"அது எப்ப வரும்?"

"வாலாஜாபாத்ல போன ஆடிக்கு நிறுத்தின லாரி இன்னும் அங்கயேதான் நிக்குது சார். டயர்ல அவரைக்கொடி ஏறி காய் வுட்டுச்சு. நல்லாருந்திச்சி பொரியலுக்கு."

மறுநாள் நதியா போன் செய்தாள். அப்பாவின் புகைப்படம் ஒன்று வேண்டும், தெருவில் பேனர் வைக்கப் போகிறோம் என்றாள். கிணறு வெட்டியவருக்கு அரசாங்கம் இப்போதாவது மரியாதை செய்கிறதே என்று தணிகாசலம் கண் கலங்கினார். சுவரிலிருந்த படத்தின் மாலையைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

பேனர் வந்தது. தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக எல்லப்பன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ‘இத்தெருவின் சாக்கடை அடைப்புக்கு மூலகாரணம்: திரு. எல்லப்பன்’ என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ‘அமரர்’ என்று சேர்த்திருந்தார்கள். போகிறவர் வருகிறவர் பாதிப் பேர் அதை நினைவஞ்சலி என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மீதிப் பேர் படித்தார்கள்.

வீரபத்திரன் ஒரு ரோஜா மாலையோடு வந்து பேனருக்குப் போட்டார்.

"இன்னா தணிகாசலம், எங்கப்பாவுக்கு நாங்களே செலவு பண்ணித்தான் பேனர் வச்சோம். உங்கப்பாவுக்கு அரசாங்கமே வச்சிருக்குதே. குடுத்து வச்சவரு."

தணிகாசலம் அன்று சாப்பிடவில்லை. ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் விமல்ராஜ் போனில் ஆறுதல் சொல்லப் பார்த்தான். "எங்க கம்பெனிலயும் இப்படித்தாம்பா, ஏன் ஏன்னு கேப்பாங்க. ஆனா கேக்கறதுக்கு முன்ன மெஷின நிறுத்திட்டு மூடியத் தொறந்து பாத்துடுவாங்க." அப்பா போனை வைத்துவிட்டார். கார் கம்பெனிக்கு எல்லப்பனைத் தெரியாது.

காலையில் அவர் நேராக வாரியத் தலைவர் வெங்கடேசனின் அறைக்குள் நுழைந்தார்.

"எங்கப்பா பேர எடுங்க."

"எடுக்க முடியாது பெரியவரே" என்றார் வெங்கடேசன். மிகுந்த அன்போடுதான் சொன்னார். "காரணத்த எடுத்துட்டா விளைவு அந்தரத்துல நிக்கும். அது ஆபத்து. ஆனா ஒண்ணு பண்ணலாம். உங்க அப்பாவுக்கும் ஒரு காரணம் இருந்தா சொல்லுங்க. அவர இடைக்காரணமா எறக்கிடறேன். இடைக்காரணத்துக்கு பேனர் கெடையாது."

தண்ணீரை இறக்க வந்தவர், அப்பாவை இறக்கச் சம்மதித்து வெளியே வந்தார்.

அந்த வாரமே தெருவில் பந்தல் போட்டுக் காரணக் கூட்டம் நடந்தது. தண்ணீர் தேங்கிய இடத்தைத் தவிர்த்து நாற்காலி போட்டதால் மக்கள் இரு கரையிலும் எதிரெதிரே உட்கார வேண்டியிருந்தது. நதியா ஒரு பெரிய வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினாள். அதில் மீனின் முள் எலும்பு வரைந்திருந்தது. தலைப் பக்கம் விளைவு, ஒவ்வொரு முள்ளிலும் ஒரு காரணம் எழுத வேண்டும் என்று விளக்கினாள்.

தணிகாசலத்தின் மனைவி செல்லியம்மாள் எழுந்தாள். "ஏம்மா, அம்மனுக்கு காப்பு கட்டியாச்சு. தெருவுல கவிச்சியே கூடாது. நீ முழுசா மீனத் தொங்கவுட்டிருக்கியே, நல்லாருக்குதா?"

கூட்டம் கொதித்தது. வெங்கடேசன் தொலைபேசியில் மேலிடத்தோடு பேசிவிட்டு வந்து, ஆடி மாதம் முடியும்வரை மீனுக்குப் பதிலாக வேப்பிலைக் கொத்து பயன்படுத்தப்படும் என்று அறிவித்தார். நடுவில் ஈர்க்கு, இரு பக்கமும் இலைகள். எந்தக் காரணமும் விட்டுப்போகாது. நதியா மீனை மடித்து வைத்துவிட்டு வேப்பிலையை வரைந்தாள். அது பார்க்க மங்களகரமாகவே இருந்தது.

பிறகு வெங்கடேசன் உரையாற்றினார்.

"போன வருஷம் வரைக்கும் இந்த ஊர்ல அடைப்பு வந்தா எடுத்தாங்க. மறுபடி வந்திச்சி. மறுபடி எடுத்தாங்க. இது ஒரு பொழப்பா? நாங்க வந்தப்புறம் அடைப்ப எடுக்கறதே இல்ல. எடுக்காததால மறுபடி வர்றதுங்கற பேச்சுக்கே எடமில்ல. திரும்ப வர்ற அடைப்பு, பூஜ்யம்! வேற எந்த ஊராவது இதச் சொல்ல முடியுமா? உங்க வாசல்ல நிக்கறது சாக்கடைத் தண்ணின்னு நீங்க நெனைக்கிறீங்க. நாங்க அத தகவல்னு பாக்கறோம்."

"தகவல் நாறுதுங்க" என்றாள் செல்லியம்மாள்.

அதையும் குறித்துக்கொள்ளும்படி வெங்கடேசன் நதியாவுக்குச் சைகை காட்டினார்.

தெருவாசிகள் ஆளுக்கொரு வண்ணச் சீட்டில் காரணம் எழுதி இலைகளில் ஒட்டினார்கள். தறிக்காரர் ஒருவர் கச்சாப் பட்டின் விலை என்று எழுதினார். ஒரு மாமியார் மருமகளின் பெயரை எழுதினாள். மருமகள் அதற்கு மேலேயே மாமியாரின் பெயரை ஒட்டினாள். யாரோ ‘தலையெழுத்து’ என்று எழுதியதை வெங்கடேசன் உயர்தரக் காரணம் என்று பாராட்டி நுனி இலையில் வைத்தார். செல்லியம்மாள் எழுதித் தந்த ‘உள்ள எதுவோ அடைச்சிக்கினு இருக்குது’ என்ற சீட்டு மட்டும், அது காரணம் அல்ல என்று திருப்பித் தரப்பட்டது.

கடைசியில் தணிகாசலம் எழுந்து நின்றார். அப்பாவைக் காப்பாற்ற அவருக்கு ஒரு வழிதான் இருந்தது. குடும்பத்தில் இதுவரை யாரும் வெளியே சொல்லாத ஒன்றை, நூறு பேர் முன்னால், ஒலிபெருக்கியில் சொன்னார்.

"எங்க சொந்த ஊரு தென்னேரி. எங்க தாத்தா அங்க நெலம் வச்சிக்கினு இருந்தவரு. அவரோட அண்ணன் கன்னியப்பன், தம்பி மொற வர்ற நேரம் பாத்து மடையத் திருப்பி தன் வயலுக்குத் தண்ணி வுட்டுக்கினாரு. அதுல சண்ட வந்து எங்க தாத்தா குடும்பத்தோட காஞ்சிபுரம் வந்துட்டாரு. வந்ததாலதான் எங்கப்பா இங்க கிணறு வெட்னாரு. எங்கப்பா மேல தப்பு இல்ல."

நதியா வேகமாகத் தட்டச்சு செய்தாள். எல்லப்பனின் பேனர் அன்றே இறங்கியது. தணிகாசலம் அதைச் சுருட்டி, தோளில் வைத்து, அப்பாவைத் தூக்கி வருவதுபோல வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதே கம்பத்தில் ‘மூலகாரணம்: திரு. கன்னியப்பன், தென்னேரி’ என்ற பேனர் ஏறியது. புகைப்படம் கிடைக்காததால் ஒரு மீசை மட்டும் வரைந்திருந்தார்கள்.

தென்னேரியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்க அதிக நேரம் ஆகவில்லை. முன்னால் இறங்கியவள் கன்னியப்பனின் பேத்தி தையல்நாயகி. இரண்டு தலைமுறையாக இந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்.

"எங்க பாட்டன் பேர சாக்கடைக்கு வச்சவன் எவன்டா?"

"நான்தாம்மா வச்சேன்" என்று தணிகாசலம் வெளியே வந்தார். "மடையத் திருப்பினது பொய்யா?"

"திருப்பினா? அதுக்கு மீசய வரஞ்சி நடுத்தெருவுல தொங்கவுடுவியாண்ணே? ஒரே ரத்தம்தான நாம? உன் குடும்ப மானம்னா மானம், எங்குளுதுன்னா ஈரத்துணியா?"

அண்ணே என்ற சொல் தணிகாசலத்தைச் சற்று அசைத்தது. அவள் சொன்னதும் நியாயம்தான். கன்னியப்பனும் வெளியாள் இல்லை. செல்லியம்மாள் இரு தரப்புக்கும் மோர் கொடுத்தாள். குடித்து முடித்ததும் தையல்நாயகிக்கு ஒன்று தோன்றியது.

"ஏரி ரொம்பி இருந்தா மடைக்கு ஏன்ணே சண்ட போடப் போறாங்க? ஏரியில தண்ணி இல்ல, அதான் காரணம்."

தண்ணீருக்கு அந்தக் கரையில் நின்றுகொண்டிருந்த நதியா கைதட்டினாள். "கரெக்ட்டான ‘ஏன்’ மேடம்! ஏரியில ஏன் தண்ணி இல்ல?"

"அத வெட்டின ராஜாவத்தான் போய்க் கேக்கணும்" என்றாள் தையல்நாயகி.

வாரியம் ராஜாவை இரு கைகளாலும் ஏற்றுக்கொண்டது. ஏரியை இன்னும் ஆழமாக வெட்டியிருந்தால் சண்டை இல்லை, இடம்பெயர்வு இல்லை, கிணறு இல்லை, மூடி இல்லை, அடைப்பு இல்லை. ‘மூலகாரணம்: தென்னேரி ஏரியை வெட்டிய அரசர் (பெயர் உறுதிசெய்யப்படும்)’ என்று தீர்மானமானது. ஆட்சேபணைக்காக ஒரு வாரம் காத்திருந்தார்கள். அரசர் தரப்பில் யாரும் வேனில் வரவில்லை. ஆட்சேபணை வராத காரணமே உண்மையான காரணம் என்பது வாரியத்தின் விதி. கரகத்தன்று காலையில், கூட்டமும் மேளமும் எப்படியும் இருக்கும் என்பதால், மூலகாரணப் பிரகடன விழாவை அதே வாசலில் நடத்துவது என்று முடிவு செய்தார்கள்.

"அப்ப அன்னிக்கு அடைப்ப எடுத்துடுவீங்களா?" என்று தணிகாசலம் வெங்கடேசனைக் கேட்டார்.

"பெரியவரே, காரணம் பழங்காலத்து ராஜா. சாக்கடைக்கு வர்ற லாரிய வச்சி ராஜாவ சரிபண்ண முடியுமா? ஃபைல தொல்லியல் பக்கம் அனுப்பறோம். அவங்க ஒரு ‘ஏன்’ கேட்டு அனுப்புவாங்க. நீங்க சந்தோஷப்படணும். இது இனிமே உங்க குடும்பப் பிரச்சினையே இல்ல."

மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது. தண்ணீர் இரண்டாம் படியில் நின்றது.

சனிக்கிழமை சாயங்காலம் பூசாரி வந்து தண்ணீருக்கு அந்தக் கரையிலேயே நின்று, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி சொன்னார்: "கோச்சிக்காதீங்க. அம்மா இந்தத் தண்ணியத் தாண்டமாட்டா. நாளைக்கு பின் தெரு வழியாப் போறோம். வீரபத்திரனண்ட சொல்லியாச்சு."

பூசாரி போன பிறகு தணிகாசலம் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பின் தெருவில் வீரபத்திரன் மணையைத் தேய்த்துக் கழுவும் சத்தம் கேட்டது. அவ்வளவு அழுத்தித் தேய்க்க அந்த மணையில் ஒன்றும் இல்லை.

செல்லியம்மாள் விளக்கு வைத்துவிட்டு வந்தாள். "இத்தினி வருஷம் டிக்கெட் இல்லாதவன பஸ்ஸ வுட்டு எறக்குனீங்க. அவன் அழுதாலும் எறக்குனீங்க. இந்தத் தண்ணிய எறக்க முடியலியா?"

மூடியைச் சுற்றி வாரியம் சிவப்பு நாடா கட்டியிருந்தது. ‘காரணம் ஆய்வில் உள்ளது, தொடாதே.’ வாழ்நாளில் ஒரு விதியையும் தாண்டாத மனிதர் தணிகாசலம். அவர் அந்த நாடாவை நெடுநேரம் பார்த்தார்.

விடிந்தும் விடியாத நேரத்தில் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். நாடாவை அறுக்க மனம் வராமல் முடிச்சை அவிழ்த்து ஓரமாக வைத்தார். கடப்பாரையால் மூடியை நெம்பினார். முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டியை உள்ளே விட்டு இழுத்தார். செல்லியம்மாள் டார்ச் விளக்கைப் பிடித்திருந்தாள்.

முதலில் வந்தது ஒரு கொத்து வேப்பிலை. இலை அழுகி ஈர்க்கு மட்டும் மிஞ்சியிருந்தது. நதியா வரைந்த படம்போலவே இருந்தது. அடுத்து ஒரு மஞ்சள் துணி. பிறகு ஒரு பானைக் கழுத்து. மறுபடி வேப்பிலை, துணி, பானை. ஒவ்வொரு ஆடியின் கரகமும் ஒன்றின்மேல் ஒன்றாக, வரிசை மாறாமல், மரியாதையோடு உட்கார்ந்திருந்தது.

டார்ச் வெளிச்சம் ஆடியது. "அடி ஆத்தா... எல்லாம் நம்பளுதுங்க."

"வாய மூடு."

"இதுக்காங்க தென்னேரி வரைக்கும் போனோம்?"

"வெளக்க நேராப் பிடி."

கடைசிப் பானை அசைந்ததும் தொட்டிக்குள் ஒரு பெருமூச்சு கேட்டது. தண்ணீர் சுழன்று இறங்கியது. இரண்டாம் படி, முதல் படி, வாசல். தணிகாசலம் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் கொல்லையில் வைத்தார். மூடியை மூடி, நாடாவைப் பழையபடி கட்டினார். செல்லியம்மாள் வாசல் முழுவதும் மஞ்சள் நீர் தெளித்து, தெரு அகலத்துக்கு ஒரு கோலம் போட்டாள். பூசாரிக்குச் செய்தி போனது. பின் தெருவில் மணை உள்ளே போனது.

வெங்கடேசன் மாலை, பொன்னாடை, புதுப் பேனர் சகிதம் வந்து இறங்கினார். வாசலைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"விளைவு எங்க?"

"போயிடுச்சுங்க" என்றார் தணிகாசலம்.

"எப்படிப் போவும்? காரணம் அப்படியே இருக்குதே!" அவர் தெருமுனைக்குத் திரும்பினார். "தேவசகாயம், நீ எதனா பண்ணினியா?"

"நான் ஹோஸத் தொடவே இல்ல சார்" என்றார் தேவசகாயம். துண்டை உதறிக்கொண்டு, பெருமையாகவே சொன்னார்.

நதியா மூடியருகே குனிந்து பார்த்தாள். அவள் குரலைத் தாழ்த்தினாள். "சார், மூடி இடுக்குல ஈரமா வேப்பிலை ஈர்க்கு சிக்கிக்கினு இருக்குது. நாடா முடிச்சும் என் முடிச்சு இல்ல."

தணிகாசலம் அவளை நேராகப் பார்த்தார். எத்தனையோ பேருந்துகளில் எத்தனையோ பேர் அவரை அப்படிப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அப்போது அவர் நம்பியதில்லை.

"ஆடி மாசம்மா. வேப்பிலை எங்க இல்ல?"

தாரை தப்பட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. வெங்கடேசன் ஓரமாகச் சென்று சற்று யோசித்தார். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது. ஒலிபெருக்கியை வாங்கினார்.

"பெரியோர்களே! இன்னிக்கு நீங்க பாக்கறது வாரியத்தோட வரலாற்றுலயே முதல் வெற்றி. போன வாரம் காரணத்தத் தீர்மானம் பண்ணினோம். இன்னிக்கு விளைவு தானா வெலகிடுச்சு. ஒரு ஆளு குனியல. ஒரு மூடி தொறக்கல. சரியான காரணத்தச் சொன்னா சாக்கடைகூட அதுக்குக் கட்டுப்படும்! இதுக்கு முழு ஒத்துழைப்பு குடுத்த பெரியவர் தணிகாசலத்துக்கு இந்தப் பொன்னாடை."

பொன்னாடை தோளில் விழுந்த அதே நேரத்தில் கரகம் தெருவுக்குள் நுழைந்தது. தணிகாசலம் மணையைப் போட்டார். கரகம் இறங்கியது. கால் கழுவினார். கூழ் விழுந்தது. கூட்டத்தில் நின்ற வீரபத்திரன், "குடுத்து வச்சவரு" என்றார், இந்தத் தடவை உண்மையாகவே. தணிகாசலத்தின் கழுத்து எப்போதும்போல நிமிர்ந்திருந்தது. பொன்னாடை மட்டும் எதனாலோ கனத்தது.

மூன்றாம் நாள் காலை கரகம் கலைந்தது. புதுப் பானை, பச்சை வேப்பிலை, மஞ்சள் துணி, மூன்றும் தாம்பாளத்தில் இருந்தன. செல்லியம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"இந்த வாட்டி தென்னேரி ஏரியில வுட்டுடலாங்களா? தையல்நாயகி வேன் அனுப்பறேன்னிச்சி."

தணிகாசலம் யோசித்தார். நல்ல யோசனைதான். ஆனால் தாம்பாளத்தோடு வேனில் ஏறினால் தெரு பார்க்கும். பூசாரி பார்ப்பார். வீரபத்திரன் பார்ப்பார். எல்லப்பன் காலத்திலிருந்து விட்ட இடத்தை விட்டுவிட்டு எங்கே கொண்டுபோகிறாய் என்பார்கள். அதற்கு அடுத்து, எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு வார்த்தை கேட்பார்கள்: ஏன்?

அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அவருக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. அதுவும் இந்தத் தடவை அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. ராஜா வரை போக வேண்டியதில்லை.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

தெருமுனையில் தேவசகாயம் லாரியில் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பியிருந்தார். வாரியம் வண்டியைத் திரும்ப அழைத்திருந்தது. கியரைப் போடப் போனவர், தாம்பாளத்தோடு செல்லியம்மாளையும் கடப்பாரையோடு தணிகாசலத்தையும் பார்த்தார். மூடி நெம்பப்படுவதைப் பார்த்தார். பானை உள்ளே போவதையும், வேப்பிலை உள்ளே போவதையும், இருவரும் கன்னத்தில் போட்டுக்கொள்வதையும் பார்த்தார்.

எஞ்சினை அணைத்தார். இறங்கினார். மரத்தடியில் துண்டை விரித்துச் செய்தித்தாளைப் பிரித்தார்.